பன்னிரண்டு மணிக்குள் ஒரு பெயர்

ராக்கெட் படம் போட்டிருக்கிறார்கள். முப்பது வருஷமாகக் கடல் தண்ணீரின் சூட்டையும் உப்பையும் அளந்துகொண்டிருக்கிறேன், என் தலைக்குப் பின்னால் கட்டியிருக்கும் பேனரில் என் முகத்தை உரசிக்கொண்டு ஒரு ராக்கெட் நெருப்பைக் கக்கியபடி மேலே போகிறது. விஞ்ஞானி என்றால் ராக்கெட்தான். பேனர் அடித்தவரைச் சொல்லிக் குற்றமில்லை, நடுக்கடலில் மிதக்கும் மஞ்சள் மிதவையின் படத்தைப் போட்டிருந்தால் குப்பைத் தொட்டி என்று நினைத்துக்கொள்வார்கள். 'முனைவர் தமயந்தி, கடல் ஆய்வுப் பிரிவுத் தலைவர்' என்று பிழையில்லாமல் எழுதியிருக்கிறார்கள், அதுவே பெரிது. மைக்கில் கவுன்சிலர் பேசுகிறார். "வானத்துக்கே ராக்கெட் விட்ட அம்மா இன்னிக்கு நம்ம காசிமேட்டுக்கு வந்திருக்காங்க" என்கிறார். ஐந்நூறு பெண்பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். நான் எழுந்து கும்பிடுகிறேன். திருத்தவில்லை. எதைத்தான் திருத்தினேன். உட்கார்ந்தால் பிளாஸ்டிக் நாற்காலியின் ஒரு கால் மேடைப் பலகை இடுக்கில் இறங்கி ஆடுகிறது, பொன்னாடையின் ஜரிகை கழுத்தில் குத்துகிறது, துறைமுகத்திலிருந்து வரும் காற்றில் கருவாட்டு வாசனை. பொன்னாடைக்கு அடியில், மடியில், கைப்பேசி. பதினொன்று ஐந்து. பன்னிரண்டு மணிக்குள் இயக்குநருக்கு ஒரு பெயரை அனுப்பியாக வேண்டும். இன்னும் மூன்று வாரத்தில் எங்கள் ஆய்வுக் கப்பல் கிளம்புகிறது, இருபத்தெட்டு நாள், வங்காள விரிகுடாவில் மிதக்கவிட்டிருக்கும் ஐந்து மிதவைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பழுதுபார்த்து மறுபடி இறக்க வேண்டும். கப்பலில் போகும் பதினெட்டு ஆய்வாளர்களுக்கும் ஒருவர் தலைமை, எங்கள் பேச்சில் சீஃப். அந்த சீஃப் யார் என்று எழுதிக் கொடுக்க வேண்டியது நான். காலையில் காரில் வரும்போதே எழுதிவிட்டேன். பிரசன்னா. இரண்டே வரி. அனுப்பும் பொத்தானைத் தொடவில்லை, அவ்வளவுதான். பாலத்தில் ஏறும்போது தொடப்போனேன், சிக்னல் போய்விட்டது. இறங்கும்போது சிக்னல் வந்துவிட்டது, விரல் போகவில்லை. இப்போது தொட்டால் என்ன. மேடையில் உட்கார்ந்து கைப்பேசியை நோண்டுகிறாள் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். அது காரணமா. அது காரணம் இல்லை என்று எனக்குத் தெரியும், அதனால்தான் கால் ஆடுகிறது, நாற்காலியின் கால் இல்லை, என் கால்.

பிரசன்னா நல்லவன். வேலை தெரிந்தவன். மாலுமிகளோடு சட்டென்று பழகிவிடுவான். ஜெனிட்டா அவனைவிட வேலை தெரிந்தவள், ஆனால். இந்த வாக்கியத்தை எப்படிச் சொல்லிப் பார்த்தாலும் கடைசியில் அந்த ஆனால் வந்து ஒட்டிக்கொள்கிறது, ஈரக் காலில் மணல் ஒட்டுகிற மாதிரி. ஐந்து மிதவைகளில் மூன்று அவள் கையால் கட்டியவை. எந்தத் திருகு எங்கே துருப்பிடிக்கும் என்று அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். ஆனால் அவளுக்குப் பதினோரு மாதக் குழந்தை. போன மாதம் ஒருநாள் சர்வர் அறைக் கதவில் 'அளவீடு நடக்கிறது, உள்ளே வராதீர்கள்' என்று தாள் ஒட்டியிருந்தது. எனக்குத் தெரியாமல் என்ன அளவீடு என்று தட்டினேன். கதவு ஒரு விரல் அளவுக்குத் திறந்தது. "மேடம், பால்" என்றாள் ஜெனிட்டா. எங்கள் அலுவலகத்தில் குழந்தைக்குப் பால் பீய்ச்சி எடுத்து வைக்க வேறு இடம் இல்லை. எட்டு வருஷமாகப் பிரிவுத் தலைவராக இருக்கிறேன், அதற்கு ஓர் இடம் வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பத்து நிமிஷம் கழித்துத் தலையை முடிந்துகொண்டு என் மேஜைக்கு வந்தாள், பைக்குள் சின்ன பாட்டில், கையில் வரைபடம். "நாலாவது மிதவையோட நங்கூரக் கயிறு நீளம் தப்பு மேடம், கணக்கு நூறு மீட்டர் இடிக்குது." பார்த்தேன். இடித்தது. என் கையெழுத்துக்குக் கீழேதான் இடித்தது. அன்றைக்கு அவள்மேல் வந்த பெருமைக்கு அடியில் சின்னதாக ஒரு எரிச்சலும் இருந்ததோ. இருந்தது. அதுவும் இந்த இரண்டு வரிக்குள் ஒளிந்திருக்கிறதோ. ச்சே, அப்படி இல்லை. இது அவள் நல்லதுக்கு. தாய்ப்பால் குடிக்கிற பிள்ளையை விட்டுவிட்டு இருபத்தெட்டு நாள் எப்படிப் போவாள். இயக்குநர் ராகவேந்திரன் சாரும் அதைத்தான் சொன்னார், போன செவ்வாய்க்கிழமை லிஃப்ட் வாசலில். "உங்க டிவிஷன், உங்க முடிவு தமயந்தி. நான் தலையிட மாட்டேன். ஆனா அந்தப் பொண்ணுக்குக் கைக்குழந்தை, பாவம், நாமளே சிரமத்துல தள்ளிவிட வேண்டாமே." பாவம். நம் மொழியில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள், பரிதாபத்துக்கும் அதுதான், செய்யக்கூடாததைச் செய்வதற்கும் அதுதான். அவர் முதல் பொருளில் சொன்னார். எனக்கு ஒரு வாரமாக இரண்டாவது பொருள் காதுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. பிரசன்னாவுக்கும் குழந்தை. சட்டென்று இப்போதுதான், கவுன்சிலர் தண்ணீர் குடிக்க நிறுத்திய இந்த நொடியில்தான் ஞாபகம் வருகிறது. டிசம்பரில் லட்டு கொடுத்தான். "பொண்ணு மேடம்" என்றான், முகமெல்லாம் சிரிப்பு. நானும் ராகவேந்திரன் சாரும் ஆளுக்கொன்று எடுத்துச் சாப்பிட்டோம். ஒன்பது மாதம் ஆகிறது. அந்தப் பெயரை எழுதும்போது அந்தக் குழந்தை என் மனசில் வரவே இல்லை. எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கவுன்சிலர் பெண்கள்தான் நாட்டின் கண்கள் என்கிறார். தலைமையாசிரியை வசுந்தரா தலையசைக்கிறார், அவருக்குப் பக்கத்தில் நிற்கும் இயற்பியல் ஆசிரியை கோமளவல்லி கடிகாரத்தைப் பார்க்கிறார். பதினொன்று பதினாறு. நான் என் பழைய பிரிவுத் தலைவர் வைத்தீஸ்வரன் சாரை நினைக்கக் கூடாது என்று இருந்தேன். நினைக்கக் கூடாது என்று இருந்தால் அவர்தான் முதலில் வருவார், வெள்ளை அரைக்கை சட்டை, பையில் இரண்டு பேனா, ஒன்று சிவப்பு. தொண்ணூற்றொன்பது. எனக்கு இருபத்தொன்பது வயது, என் மகள் தாரிணி பிறந்து ஒன்றரை வருஷம். கடலுக்குள் இருநூறு மீட்டர் ஆழம்வரை சூட்டை அளக்கும் ஒரு கருவிச் சரத்தை நான்தான் கட்டினேன், ஒவ்வொரு முடிச்சும் என் விரல்தான், இன்னும் இந்த வலது கட்டைவிரலில் அந்த ரெசின் பசை சுட்ட தழும்பு இருக்கிறது. அதைச் சோதிக்கக் கப்பல் போகிறது, நான்தான் போவேன் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள், நானும் நினைத்துக்கொண்டேன், பச்சை நிறத்தில் ஒரு பெட்டிகூட வாங்கினேன். ஒரு காலையில் அறிவிப்புப் பலகையில் பட்டியல். முதல் பெயர் தங்கவேலு, என் பக்கத்து மேஜைக்காரர். என் பெயரை டைப் அடித்து, அதன்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் தங்கவேலு என்று எழுதியிருந்தது. வைத்தீஸ்வரன் சார் என்னைப் பார்த்ததும் அவரே எழுந்து வந்தார். "கோவப்படாதம்மா. உன் நல்லதுக்குத்தான். பச்சப் புள்ளைய விட்டுட்டு நீ அங்க போய் அழுதுட்டிருப்ப, எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா, எனக்குத் தெரியாதா." நல்ல மனுஷன். தாரிணிக்குக் காய்ச்சல் வந்தபோது அவர் ஸ்கூட்டரிலேயே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனவர். அவர்மேல் கோபப்பட முடியாது, அதுதான் கஷ்டம். நான் சரி சார் என்றேன். சரி சார் என்றதும் முதலில் எனக்கு வந்தது என்ன. இதை யாரிடமும் சொன்னதில்லை. நிம்மதி வந்தது. அப்பாடா என்று இருந்தது. வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கி முகர்ந்து பார்த்தேன், இங்கேதான் இருக்கப் போகிறோம் என்று நெஞ்சுப் பாரம் இறங்கியது. மூன்றாம் நாள்தான் அது மாறியது. துறைமுகத்தில் கப்பலில் ஏற்றும்போது என் சரத்தைச் சுருட்டி ஒரு டிரம்மில் போட்டுத் தூக்கினார்கள், ஆடி ஆடிப் போனது, நான் கரையில் நின்று கையெழுத்துப் போட்டேன், ஒப்படைத்தவர் என்ற இடத்தில். அந்தத் தரவை வைத்துத் தங்கவேலு எழுதிய கட்டுரையில் என் பெயர் நான்காவது. அவர் இன்றைக்கு வேறொரு நிறுவனத்தில் இயக்குநர். அதெல்லாம் போகட்டும். பெயர் நான்காவது வந்ததா ஐந்தாவது வந்ததா என்பதில்லை. அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. போகிறேன் என்றிருப்பேனா, மாட்டேன் என்றிருப்பேனா. இருபத்தைந்து வருஷமாக யோசித்துப் பார்க்கிறேன், ஒருநாள் போகிறேன் என்கிறேன், ஒருநாள் மாட்டேன் என்கிறேன். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் எப்படிப்பட்டவள் என்று எனக்கே தெரிந்திருக்கும். அதைத்தான் அந்தச் சிவப்புக் கோடு அடித்துவிட்டது.

அப்படியிருக்க நான் இன்று காலையில் காரில் உட்கார்ந்துகொண்டு. சிவப்புப் பேனா இல்லை, அதனால் தெரியவில்லை. இல்லை, இது வேறு. அவர் ஆண், அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாகக் கனப்பது எனக்குத் தெரியும், பிள்ளை முகம் திருப்பிக்கொள்வது எனக்குத் தெரியும். தெரிந்தவள் தடுப்பது அக்கறை. தெரியாதவர் தடுத்ததும் அக்கறைதான். ஐயோ. போன வருஷம் துறைமுகத்தில் நின்ற கப்பலின் தளத்தில் வடம் அறுந்து வந்து ஒரு பையனின் முழங்கையை அடித்தது, அந்தச் சத்தம், மரக்கிளை முறிவது போல. அது ஜெனிட்டாவாக இருந்தால். அது பிரசன்னாவாக இருந்தால் மட்டும் சரியா. சரி, உண்மையைச் சொல்லு தமயந்தி, இங்கே யாரும் இல்லை, ஐந்நூறு பேர் இருக்கிறார்கள், ஆனால் உன் மண்டைக்குள் யாரும் இல்லை. உனக்கு ஜெனிட்டாவின் குழந்தையை நினைத்தா பயம். ஏதாவது ஒன்று தவறிப் போனால், ஒரு மிதவை அறுந்து போனால், பொம்பளை ஒருத்தி இன்னொரு பொம்பளைக்குத் தூக்கிக் கொடுத்தாள் பார் என்று சொல்வார்கள். பிரசன்னா தவறவிட்டால் கடல் சரியில்லை என்பார்கள். இணை இயக்குநர் பதவிக்கு உன் பெயர் போயிருக்கிறது. எட்டு வருஷமாக ஒருத்தரும் ஒரு குறை சொல்லாமல் நடந்து வந்திருக்கிறாய், தண்ணீர் நிறைந்த தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நடப்பவள் மாதிரி. அந்தத் தட்டுக்காகத்தான். ஜெனிட்டாவின் பாலுக்காக இல்லை. இதை நினைத்ததும் முகம் சுட்டது, வெயில் என்று நினைத்துக்கொண்டு கைக்குட்டையை எடுத்தேன். அதற்குள் என் பெயரைச் சொல்லிவிட்டார்கள்.

பேசினேன். இந்தப் பேச்சு எனக்கு மனப்பாடம், மாதம் இரண்டு பள்ளிக்கூடத்தில் பேசுகிறேன், வாய் தானாக ஓடும், நான் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கலாம். அறிவியல் படித்தால் போதாது, அறிவியலை நடத்தும் இடத்துக்கு நீங்கள் வர வேண்டும் என்கிறது என் வாய். ஆய்வுக்கூடத்தில் பாதிப்பேர் பெண்கள், முடிவெடுக்கும் மேஜையில் எத்தனை பேர் என்று கேட்கிறது. கேட்டுவிட்டு நிறுத்துகிறது, அந்த இடத்தில் எப்போதும் நிறுத்தும். யாராவது கதவைத் திறப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள் என்கிறது. தரையில் சம்மணம் போட்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள், இரட்டைப் பின்னல், சிவப்பு ரிப்பன், முன்வரிசையில் ஒருத்தி ரிப்பன் நுனியைக் கடித்தபடி கேட்கிறாள். இவர்களிடம் பொய் சொல்லவில்லை. சொல்வதெல்லாம் உண்மை. ஆனால் மடியிலிருந்து மேஜைக்கு மாற்றி வைத்த கைப்பேசி கவிழ்ந்து கிடக்கிறது, அதற்குள் இரண்டு வரி. தலைமை என்ற சொல்லை நான் சொல்லும்போதெல்லாம் அது அதிர்கிற மாதிரி இருந்தது. உண்மையிலேயே ஒருதரம் அதிர்ந்தது, இயக்குநர் அலுவலகத்திலிருந்து நினைவூட்டல். கைதட்டல். பதினொன்று முப்பத்திரண்டு. கோமளவல்லி மைக்கை வாங்கி, "யாருக்காவது சந்தேகம் இருந்தா கேளுங்க" என்றார். மற்றப் பள்ளிகளில் நூறு மார்க் வாங்கும் பிள்ளை ஒருத்தி எழுந்து எழுதி வைத்த கேள்வியைப் படிப்பாள். இங்கே பின்வரிசையிலிருந்து ஒரு நெட்டைப் பெண் எழுந்தாள், கையில் தாள் இல்லை. பெயர் மோனிஷா, ஒன்பதாம் வகுப்பு என்றாள்.

"மிஸ், எங்கப்பா லாஞ்ச்ல டிரைவரு. நீங்க சொன்னீங்களே மஞ்ச கலரு மெதவ, அத எங்கப்பா பாத்துக்கீறாரு. அதுக்கு அடியில மீனு கும்பலா நிக்குமாம். லாஞ்ச அதுல கட்டிட்டுத்தான் வல போடுவாங்களாம்."

சிரிப்பு. நானும் சிரித்துவிட்டேன். மிதவைகளில் படகு கட்டாதீர்கள் என்று மீன்வளத் துறைக்கு ஏழு கடிதம் எழுதியிருக்கிறேன், இதோ கட்டினவரின் மகள். "அப்பாகிட்ட சொல்லு, மீன் பிடிக்கட்டும், கயிறு மட்டும் கட்ட வேண்டாம்னு. உள்ள இருக்கற கருவி அறுந்துபோயிடும்" என்றேன். அவள் உட்காரவில்லை.

"லாஞ்ச்ல பொம்பளைங்கள ஏத்த மாட்டாங்க மிஸ். நான் எவ்ளோ வாட்டி கேட்டேன், ஏத்தல. உங்க கப்பல்ல ஏத்துவாங்களா?"

"ஏத்துவாங்களே. நான் சின்ன வயசுல ரெண்டு தடவ போயிருக்கேன்."

"நீங்கதான் அதுல பெரியவங்களா?"

"இல்லம்மா. அப்ப வேற ஒருத்தர் இருந்தார்."

"ஏன் மிஸ், நீங்க இல்ல?"

ஒலிபெருக்கி கீச்சிட்டது. ஏதாவது சொல்லியிருக்கலாம், அனுபவம், மூப்பு வரிசை, ஏதாவது. "என்னை யாரும் கேக்கலம்மா" என்றேன். மைக்கில் அது என் குரல் மாதிரி இல்லை.

"நீங்க கேட்டீங்களா மிஸ்?"

"மோனிஷா, போதும், உக்காரு" என்றார் கோமளவல்லி. அவள் உட்கார்ந்துவிட்டாள், துடுக்காகக் கேட்டுவிட்டோம் என்ற எண்ணமே அந்த முகத்தில் இல்லை, தெரியாததைக் கேட்ட முகம்தான். அடுத்தவள் எழுந்து தாளைப் பார்த்துச் சுனாமி எப்படி வருகிறது என்று கேட்டாள், தட்டுகள் நகர்வதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன், சொல்லிக்கொண்டே இருந்தேன், உள்ளே வேறொன்று நகர்ந்துகொண்டிருந்தது. நான் கேட்டேனா. இருபத்தைந்து வருஷமாக இந்தக் கதையை எனக்கு நானே சொல்லிவந்திருக்கிறேன், அதில் வைத்தீஸ்வரன் சாரின் பேனா உண்டு, தங்கவேலுவின் கட்டுரை உண்டு, என் பச்சைப் பெட்டி உண்டு. என் வாய் மட்டும் இல்லை. பட்டியல் ஒட்டுவதற்கு முன் பதினைந்து நாள் இருந்தது. நான் போகிறேன் சார் என்று ஒரு வார்த்தை. போகவில்லை அவர் அறைக்கு. யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். அப்புறம் தாரிணி பள்ளிக்கூடம் போனாள், கல்லூரி போனாள், நான் தலைவரானேன், தலைவரானவள் ஏன் கப்பலில் போக வேண்டும், கரையிலிருந்து பெயர் எழுதினால் போதுமே. கேட்கவும் இல்லை, இப்போது கேட்காமலே எழுதவும் கற்றுக்கொண்டுவிட்டேன். சரி, அவர் கேட்டிருக்க வேண்டும், அது அவர் வேலை, என் வாயைக் காரணம் காட்டி அவர் இழுத்த கோட்டை அழிக்க முடியாது. ஆனால் இப்போது அந்த நாற்காலியில் இருப்பது அவர் இல்லை. பதினொன்று நாற்பத்தொன்று. "ரெண்டு நிமிஷம், ஒரு அவசர போன்" என்று தலைமையாசிரியையிடம் சொன்னேன். பரிசு கொடுக்க வேண்டுமே என்று அவர் பதறினார். இயற்பியல் ஆய்வகம் திறந்துதான் இருந்தது, உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். நீளமான மேஜைகள், நூலில் கட்டித் தொங்கவிட்ட பித்தளைக் குண்டுகள். ஜெனிட்டாவின் எண்ணை அழுத்தினேன். எடுக்கமாட்டாள் என்று ஒரு நப்பாசை. இரண்டாவது மணியில் எடுத்துவிட்டாள்.

"சொல்லுங்க மேடம்."

"ஜெனிட்டா, இந்தத் தடவ கப்பலுக்கு சீஃபா நீ போறியா?"

அந்தப் பக்கம் ஏதோ இயந்திரத்தை நிறுத்தும் சத்தம். "மேடம், பிரசன்னான்னு முடிவாயிருச்சுன்னு எல்லாரும் சொல்லுதாங்களே."

"பேர் இன்னும் போகல. உன்னைக் கேக்காம எழுத இருந்தேன். அது தப்பு. இப்ப கேக்கறேன்."

"பத்து நாளா எல்லாரும் எங்கிட்ட குழந்தையப் பத்தித்தான் மேடம் கேக்காங்க. நடக்கானா, பல்லு வந்துச்சா, யாரு பாத்துக்கிடுதா. போறியான்னு ஒருத்தர் கேக்கல." மூச்சு வாங்கினாள். "நீங்களுந்தான்."

"ஆமா. நானும்தான்."

"வீட்டுல எல்லாம் பேசியாச்சு மேடம். அவரு லீவு எழுதிக் குடுத்துட்டாரு. அம்மா குளச்சல்ல இருந்து வாராங்க. பால் குடிய ஒரு மாசமா கொஞ்சம் கொஞ்சமா மாத்திட்டு இருக்கேன். உங்க ரூம் வாசல் வரைக்கும் மூணு தடவ வந்தேன்."

"ஏன் உள்ள வரல?"

"நீங்க ஏதோ எழுதிட்டு இருந்தீங்க."

பித்தளைக் குண்டு ஒன்றைத் தொட்டுவிட்டேன் போலிருக்கிறது, அது ஆடிக்கொண்டிருந்தது. இவளும் கேட்கவில்லை. வாசல் வரைக்கும் வந்திருக்கிறாள், நான் அதுகூட வரவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் நான் கேட்காமல் இருந்திருந்தால் இவளும் ஒரு கதையை வைத்துக்கொண்டு இருபத்தைந்து வருஷம் நடந்திருப்பாள், அதில் என் பெயர் இருந்திருக்கும், நல்ல மனுஷி, அக்கறையானவள் என்று. "பயமா இல்லையா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ.

"பயமாத்தான் இருக்கு மேடம். திரும்பி வரும்போது அவன் எங்கிட்ட வராம போயிருவானோன்னு நெனச்சா கைகாலு ஓடல. ஆனா போறேன். பேர எழுதுங்க."

பிரசன்னாவை அழித்தேன். ஐந்து எழுத்து, ஒவ்வொன்றாக அழிந்தது, பாவம் அவன், இந்தப் பாவம் எந்தப் பாவம். ஜெனிட்டா என்று எழுதினேன். அடுத்த வரியில் 'கைக்குழந்தை இருந்தபோதிலும்' என்று விரல் தானாக அடித்துவிட்டது. பார்த்துக்கொண்டே நின்றேன். யார் எழுதியது இது. அழித்தேன். 'ஐந்து மிதவைகளில் மூன்றைக் கட்டியவர், இந்தப் பணிக்கு எங்கள் பிரிவில் மிகத் தகுதியானவர்' என்று எழுதி, படிக்காமல் அனுப்பினேன். படித்தால் நிறுத்திவிடுவேன் என்று பயம். பதினொன்று ஐம்பத்தொன்று. வெளியே யாருக்கோ பேச்சுப்போட்டியில் இரண்டாம் பரிசு. கைப்பேசி உடனே அடித்தது, ராகவேந்திரன் சார்.

"தமயந்தி, நல்லா யோசிச்சுத்தான் அனுப்பினீங்களா?"

"யோசிக்கறத நிறுத்திட்டு அவங்களையே கேட்டேன் சார். போறேன்னாங்க."

"அவங்க சொல்லுவாங்க. குழந்தை இருக்கே அம்மா, நாமதான்..."

"பிரசன்னாவுக்கும் ஒன்பது மாசக் குழந்தை சார். லட்டு நாம ரெண்டு பேருந்தான் சாப்பிட்டோம்."

சிரிப்பாரோ கோபப்படுவாரோ என்று தெரியாமல் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்றார், குரல் மாறியிருந்தது.

"நான் சொல்றேன் சார். யார் போனாலும் நான்தானே சொல்லணும்."

"சரி. பாக்கலாம்" என்று வைத்துவிட்டார். அந்தப் 'பாக்கலாம்' எத்தனை மாதத்துக்கு என் பின்னால் வரும் என்று தெரியாது, இணை இயக்குநர் பதவி அதற்குள் எங்கோ மூழ்கியிருக்கலாம். நிம்மதி வரும் என்று நின்று பார்த்தேன். வரவில்லை. மூன்று வாரம், அப்புறம் இருபத்தெட்டு நாள், வானிலைப் படத்தில் ஒவ்வொரு மேகத்தையும் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறேன், பாரம் தூக்கும் வின்ச்சின் வடம், தளத்தில் எண்ணெய், அவள் சின்னக் கால்கள், அவள் வீட்டில் ஒரு பதினோரு மாதக் குழந்தை வாசலைப் பார்த்துக்கொண்டு. பிரசன்னாவிடம் என்ன சொல்வேன், அவன் முகம் எப்படிப் போகும், அவனையும்தான் நான் கேட்கவில்லை, அவனுக்குப் போக இஷ்டமா, பெண்குழந்தை முதல் அடி வைக்கும்போது இங்கே இருக்க ஆசையா, அதையும் நாமே முடிவு கட்டிவிட்டோம். சாயங்காலம் போய்க் கேட்க வேண்டும். முதலில் அந்த சர்வர் அறைப் பக்கத்துச் சரக்கறையைக் காலி செய்து, தாழ்ப்பாள் வைத்த கதவும் ஒரு நாற்காலியும் போட வேண்டும், எட்டு வருஷம் தாமதமாக. தலைமையாசிரியை கதவருகே வந்து நின்றார். வருகிறேன் என்று சைகை காட்டினேன். அப்போது மறுபடி அடித்தது. ஜெனிட்டா. நன்றி சொல்லக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன், என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன், இதிலென்ன இருக்கிறது, உன் தகுதிக்குக் கிடைத்தது என்று.

"மேடம், நம்ம போற வரிசை தப்பு."

"என்ன வரிசை?"

"கரைக்குக் கிட்ட இருக்கிற மிதவையில ஆரம்பிச்சு தூரமா போறதா பிளான் போட்டிருக்கீங்க. தூரத்துல இருக்கிறதோட கயிறுதான் பழசு, ரெண்டு வருஷமா மாத்தல. காத்து கெளம்பினா அதுதான் மொதல்ல அறும். அத முடிச்சிட்டு, கிட்ட இருக்கிறத திரும்பி வரும்போது பாத்துக்கிடலாம்."

"எட்டு வருஷமா இந்த வரிசையிலதான் போறோம் ஜெனிட்டா. ஒரு நாள் டீசல் கூட ஆகும்."

"ஆகும் மேடம். மிதவை போச்சுன்னா அதவிட ஆகும்."

சுள்ளென்று வந்தது. அந்தத் திட்டம் நான் போட்டது, என் கையெழுத்து இருக்கிறது அதில், பெயரை அனுப்பிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு வார்த்தை நன்றி இல்லை. வாய்வரை வந்ததை நிறுத்திக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், தூரம், காற்று, கயிற்றின் வயது. வேறு வழியாகப் போட்டுப் பார்த்தேன். அவள் சொல்வதுதான் சரி. எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் சரி. வெளியே என் பெயரை இரண்டாம் தரம் கூப்பிட்டார்கள், பரிசுக் கோப்பைகளை மேஜையில் வைக்கும் சத்தம்.

"சரி, வரிசைய மாத்திடு" என்றேன்.

"மாத்திட்டேன் மேடம். கேப்டனுக்கு மெயில் போயாச்சு."